பிங் போகுது, பேக்கப் மட்டும் நகரல: சுவிட்ச்சும் சர்வரும் டூப்ளெக்ஸ்ல முட்டிக்கிட்டா எப்படி கண்டுபிடிக்கிறது

ஆத்தூர் ரோட்டுல ஒரு சேகோ ஃபேக்டரி, பேரு வேண்டாம். மாசக் கடைசி. அக்கவுண்ட்ஸ் பாக்குற அக்கா போன் பண்ணி, "தம்பி, ராத்திரி ஒம்பது மணிக்குப் போட்ட பேக்கப்பு காலைல நான் வந்து பாக்குறப்பவும் ஓடிக்கிட்டே இருக்குதுங்க, ஆனா பிங் எல்லாம் நல்லா வருதுன்னு நம்ம பையன் சொல்றான்"னாங்க. (பிங்னா எதிர்ல இருக்குற மெஷின் இருக்கான்னு கேட்டு பதில் வாங்குற சின்னச் சோதனை.) போனேன். முதல்ல டிஸ்க்க சந்தேகப்பட்டேன், அப்புறம் ஆன்டிவைரஸ நிறுத்திப் பார்த்தேன், அப்புறம் கேபிள மாத்துனேன், பேக்கப் சாஃப்ட்வேர அழிச்சுட்டு மறுபடி போட்டேன், சாயங்காலமே ஆயிடுச்சு. வெளிய வந்து வண்டிக்கடைல ஒரு தட்டுவடை செட்ட நின்னுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சு, உள்ள போய் அப்பத்தான் சுவிட்ச்சுக்குள்ள லாகின் பண்ணி அந்த போர்ட்ட பார்த்தேன். 100, ஹாஃப், அதாவது வேகம் 100 எம்பிபிஎஸ், ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் பேசலாம். சர்வர் பக்கம் 100, ஃபுல், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசலாம்னு யாரோ கையால போட்டு வச்சிருக்காங்க. சரி பண்ண ரெண்டு நிமிஷம், கண்டுபிடிக்க ஒரு முழு நாள்.

அந்த ஒரு நாள் உங்களுக்கும் போகக்கூடாதுன்னு என்ன அறிகுறி தெரிஞ்சா எங்க பாக்கணும்னு எழுதுறேன். கமாண்டெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன், அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம்

சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுறப்ப 20 கொண்டை ஊசி வளைவு. குறுகலான வளைவுல நாம என்ன பண்ணுவோம், ஹாரன் அடிப்போம், எதிர்ல வண்டி வருதான்னு பார்ப்போம், ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டுட்டு அப்புறம் இறங்குவோம். ஹாஃப் டூப்ளெக்ஸ் அதுதான். வயர்ல சத்தம் இல்லன்னா அனுப்பும், அனுப்பிட்டு இருக்கப்ப எதிர்ல இருந்து ஏதாவது வந்தா மோதல்னு நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி முயற்சி பண்ணும், 16 தடவ பார்த்துட்டு முடியலன்னா அந்த ஃப்ரேம, அதாவது அனுப்புற டேட்டாத் துண்ட, கைவிட்டுடும். ஃபுல் டூப்ளெக்ஸ்னா நாலு வழிச்சாலை, நடுவுல தடுப்பு, எதிர்ல யார் வந்தா நமக்கென்ன, ஹாரனே வேண்டாம். இப்ப ஒரே வளைவுல கீழ இருந்து வர்றவன் இது நாலு வழின்னு நெனச்சுக்கிட்டு ஹாரன் அடிக்காம வர்றான், மேல இருந்து வர்றவன் இது ஒத்த வழின்னு நெனச்சு எதிர்ல வண்டியப் பார்த்ததும் பிரேக் போட்டு ரிவர்ஸ் எடுக்குறான். டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச் இவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஒரு வண்டி போனா ஒண்ணும் ஆகாது. மே மாசம் கோடை விழா சமயத்துல போய்ப் பாருங்க.

இதுல முக்கியமான கணக்கு ஒண்ணு இருக்கு. ஹாஃப் டூப்ளெக்ஸ்ல மோதல் வந்தா அது ஃப்ரேமோட முதல் 64 பைட்டுக்குள்ள வந்துடணும், அதாவது 512 பிட், 100 எம்பிபிஎஸ்ல 5.12 மைக்ரோ செகண்ட். கேபிள் நீளத்த எல்லாம் அந்தக் கணக்குலதான் அளந்து வச்சிருக்காங்க. அதுக்குள்ள வந்தா அது சாதா கொலிஷன் (மோதல்), நெட்வொர்க் கார்டே மறுபடி அனுப்பிடும். அந்த 64 பைட் தாண்டி மோதுனா அதுக்குப் பேரு லேட் கொலிஷன், பெரும்பாலான கார்டுங்க அந்த ஃப்ரேம மறுபடி அனுப்பாது, தூக்கிப் போட்டுடும். ஒரு முழு 1500 பைட் பாக்கெட் 100 எம்பிபிஎஸ் வயர்ல போக சுமார் 120 மைக்ரோ செகண்ட் ஆகும், அதுல முதல் 5 மட்டும்தான் பத்திரமான நேரம், மீதி 115ல எப்ப எதிராளி வாயத் திறந்தாலும் ஃப்ரேம் காலி. அதனாலதான் பெரிய ஃபைலு மட்டும் சாகுது, பிங் பொழச்சுக்குது. விண்டோஸ் பிங் 32 பைட்டு, லினக்ஸ் பிங் 56 பைட்டு, அதுவும் ஒண்ணு போயி அதோட பதில் வந்து அப்புறம்தான் அடுத்தது, ரெண்டும் ஒரே நேரத்துல வயர்ல சந்திக்கவே சந்திக்காது. பிங்க வச்சு நெட்வொர்க் நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா நான் இப்ப தலையாட்டுறதே இல்ல.

தொலஞ்சுபோன ஃப்ரேம மறுபடி அனுப்புற வேல டிசிபி (டேட்டா ஒழுங்கா போய்ச் சேந்துச்சான்னு பாத்துக்குற விதிமுறை) தலைல விழுது. லினக்ஸ்ல டைம்அவுட் ஆகி அனுப்புறதுன்னா குறைஞ்சது 200 மில்லி செகண்ட் காத்திருக்கும். அந்த 200 மில்லி செகண்ட்ல 100 எம்பிபிஎஸ் லிங்க்ல முழு சைஸ் ஃப்ரேம் 1,600 போயிருக்கலாம். ஒண்ணு தொலைஞ்சதுக்கு 1,600 நிக்குது. அக்காவோட பேக்கப்பு விடியுற வரைக்கும் ஓடுனது இப்படித்தான்.

இது எப்படி வருது, யாரு பண்றாங்க

இத யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, அதுதான் கொடுமை. "ஆட்டோல விட்டா சில சமயம் தப்பா எடுக்கும், நான் 100 ஃபுல்னு லாக் பண்ணிட்டேன்"னு ஒரு நல்ல மனுஷன் ஒரு பக்கத்த மட்டும் லாக் பண்ணிட்டுப் போயிருப்பாரு. ஆட்டோ நெகோஷியேஷன், அதாவது ரெண்டு பக்கமும் தானா பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் முடிவு பண்ணிக்கிறது, 1995ல 802.3யூங்குற ஈத்தர்நெட் ஸ்டாண்டர்ட் கூட வந்தது, ஆரம்ப காலத்து கார்டுங்க ஒண்ணுக்கொண்ணு சரியா பேசிக்காம தகராறு பண்ணதும் உண்மை, 1998ல அந்த ஸ்டாண்டர்ட்ல இருந்த ஓட்டையெல்லாம் அடைச்சுட்டாங்க. ஆனா அந்தக் காலத்துல கத்துக்கிட்ட பழக்கம் மட்டும் கைமாறி கைமாறி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

ஒரு பக்கத்த லாக் பண்ணா ஏன் ஹாஃப் ஆகுது? ஆட்டோல இருக்குற போர்ட் ஒவ்வொரு 16 மில்லி செகண்டுக்கும் ஒரு கொத்து பல்ஸ் அனுப்பும், நான் 10 ஹாஃப், 10 ஃபுல், 100 ஹாஃப், 100 ஃபுல் எல்லாம் பேசுவேன்னு. எதிர்ப்பக்கமும் அதே மாதிரி சொன்னா ரெண்டுக்கும் பொதுவா இருக்குறதுல உசந்தத எடுத்துக்கும். ஆனா எதிர்ப்பக்கத்த லாக் பண்ணிட்டா அந்தப் பல்ஸ் வராது, வெறும் சிக்னல் மட்டும் வரும். சிக்னலப் பார்த்து இது 10ஆ 100ஆன்னு கண்டுபிடிச்சுடலாம், இதத்தான் பேரலல் டிடெக்ஷன்ம்பாங்க, ஆனா ஃபுல்லா ஹாஃபான்னு சிக்னல்ல எழுதி ஒட்டியிருக்காது. தெரியாதப்ப ஹாஃப்னு எடுத்துக்கணும்ங்குறது ஸ்டாண்டர்டுலயே இருக்கு. ஆக சுவிட்ச் பழுதில்ல, சர்வர் பழுதில்ல, ரெண்டும் விதிப்படிதான் நடந்துக்குது. ஒரு பக்கம் 100 ஃபுல் லாக், இன்னொரு பக்கம் ஆட்டோ, இது மிஸ்மேட்ச்ல முடியாம வேற எதுலயும் முடியாது.

லாக் பண்ணது 100 ஹாஃபா இருந்தா தப்பிச்சோம், ரெண்டு பக்கமும் ஹாஃப், மெதுவா ஆனாலும் ஒழுங்கா ஓடும். ரெண்டு பக்கமும் 100 ஃபுல் லாக்னா அதுவும் சரி. ஒரு பக்கம் 10 லாக், இன்னொரு பக்கம் 100 லாக்னா லிங்கே வராது, அது ஒரு வகைல நல்லது, உடனே தெரிஞ்சுடும். லிங்க் வந்து, லைட்டு எரிஞ்சு, பிங் போயி, வேல மட்டும் நடக்காம இருக்குறதுதான் தலைவலி.

அறிகுறி: சின்ன வேல எல்லாம் நடக்குது, பெரிய ஃபைல் காப்பி, பேக்கப், டேட்டாபேஸ் ரிப்போர்ட் மட்டும் இழுக்குது

ரெண்டு பக்கமும் பாக்கணும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க, நான் அந்தத் தப்பப் பண்ணித்தான் அந்த நாள தொலைச்சேன்.

லினக்ஸ் சர்வர்னா ஈத்டூல்னு போட்டு இன்டர்ஃபேஸ் பேரக் குடுங்க. ஸ்பீட், டூப்ளெக்ஸ், ஆட்டோ நெகோஷியேஷன் ஆன் ஆஃப் மூணும் வரும். கொஞ்சம் மேல லிங்க் பார்ட்னர் அட்வர்டைஸ்டுன்னு சில வரி இருக்கும், எல்லா டிரைவரும் காட்டாது, காட்டுச்சுன்னா அது தங்கம். அதுல எதிராளி ஆட்டோ நெகோஷியேஷன் நோன்னு இருந்தா, சுவிட்ச்சு பாஸ்வேர்ட் இல்லாமலே தெரிஞ்சுடுச்சு, அந்தப் பக்கம் யாரோ லாக் பண்ணியிருக்காங்க. விண்டோஸ்னா டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் கார்டோட ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் டேப், ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ். அது என்ன செட்டிங்னு மட்டும்தான் சொல்லும், இப்ப என்ன ஓடுதுன்னு சொல்லாது, அதுக்கு பவர்ஷெல்ல கெட் நெட்அடாப்டர் போட்டு லிங்க்ஸ்பீடும் ஃபுல்டூப்ளெக்ஸும் எடுத்துப் பாருங்க.

சுவிட்ச் பக்கம், சிஸ்கோன்னா ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ். இங்க ஒரு சின்ன எழுத்துல பெரிய விஷயம் இருக்கு. ஏ-ஃபுல், ஏ-100னு முன்னாடி ஏ இருந்தா அது ஆட்டோல விட்டு தானா முடிவானது. ஏ இல்லாம வெறும் ஃபுல், 100னு இருந்தா கையால லாக் பண்ணது. ஏ-ஹாஃப்னு ஒரு சர்வர் போர்ட்ல பார்த்தீங்கன்னா அதோட தேடுறத நிறுத்திடலாம், ஏன்னா இன்னிக்கு இருக்குற எந்த சர்வர் கார்டும் பேச்சுவார்த்தைக்கு வந்து நான் ஹாஃப் மட்டும்தான்னு சொல்லாது, பேசவே வரலன்னுதான் அதுக்கு அர்த்தம்.

அடுத்து கவுன்டர். இதுல ரெண்டு பக்கமும் வேற வேற அழுகை அழும், அதப் புரிஞ்சுக்கிட்டா போதும். ஹாஃப்ல இருக்குற பக்கம் கொலிஷன், லேட் கொலிஷன்னு ஏறும். ஃபுல்ல இருக்குற பக்கத்துக்கு கொலிஷன்னா என்னன்னே தெரியாது, அதுக்கு பாதில அறுந்த ஃப்ரேம்தான் வந்து சேரும், அதனால அங்க சிஆர்சி இல்லன்னா எஃப்சிஎஸ் எரர் (ஃப்ரேம் கெட்டுப்போய் வந்துச்சுங்குற கணக்கு), ரன்ட்ஸ் (64 பைட்டுக்கும் சின்னதா வந்த துண்டு) ஏறும். சிஸ்கோல ஷோ இன்டர்ஃபேசஸ் கவுன்டர்ஸ் எரர்ஸ் போட்டா ரெண்டும் தனித்தனி கட்டத்துல வரும். லினக்ஸ்ல ஈத்டூல் மைனஸ் கேப்பிட்டல் எஸ், பட்டியல் நீளமா ஓடும், அதுல சிஆர்சிங்குற எழுத்து இருக்குற வரிய மட்டும் கிரெப் கமாண்டால தேடி எடுத்துக்கோங்க. நான் பண்றது: சுவிட்ச்ல கவுன்டர கிளியர் பண்ணிட்டு, ஒரு பெரிய ஃபைல காப்பி போட்டுட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்குறது. பழைய எண்ண வச்சு எதுவும் சொல்ல முடியாது, அது மூணு வருஷத்துக்கு முன்னாடி எலி கடிச்ச கேபிளோட கணக்கா கூட இருக்கும்.

லேட் கொலிஷன் ஏறுதுன்னா காரணம் ரெண்டே ரெண்டுதான் பெரும்பாலும், ஒண்ணு எதிராளி ஃபுல், இல்ல கேபிள் அளவுக்கு மீறி நீளம். கேபிள் 100 மீட்டருக்குள்ளன்னா மீதி ஒண்ணுதான்.

அறிகுறி: அனுப்புறப்ப ஒரு வேகம், எடுக்குறப்ப வேற வேகம்

நெட்வொர்க் வேகத்த அளக்குற ஐபெர்ஃப்3 ஓட்டுங்க, அப்புறம் அதையே மைனஸ் கேப்பிட்டல் ஆர் போட்டு எதிர்த்திசைல ஓட்டுங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தா டூப்ளெக்ஸ சந்தேகப்படலாம். ரெண்டு திசையிலயும் அடி விழும், ஆனா ஒரே மாதிரி விழாது. டேட்டா ஹாஃப் பக்கத்துல இருந்து போறப்ப பெரிய ஃப்ரேம் நடு வயர்ல இருக்கப்பவே எதிர்ல இருந்து அக்னாலட்ஜ்மென்ட் (வந்து சேந்துடுச்சுங்குற பதில்) வந்து மோதும், லேட் கொலிஷன். டேட்டா ஃபுல் பக்கத்துல இருந்து போறப்ப ஹாஃப் பக்கம் குடுக்குறது குட்டி அக்னாலட்ஜ்மென்ட், மோதுனாலும் 64 பைட்டுக்குள்ளயே மோதிடும், கார்டே மறுபடி அனுப்பிடும், ஆனா அந்த நேரத்துல வந்துக்கிட்டு இருந்த பெரிய ஃப்ரேம் போச்சு. இன்னொரு சோதன, ஐபெர்ஃப்3ல, பதில் எதிர்பார்க்காத யுடிபி வச்சு ஒரு திசைல மட்டும் ஓட்டிப் பாருங்க, பதில் டிராஃபிக் இல்லாததால ஓரளவு சுத்தமா போகும், டிசிபி மட்டும் சாகும். இத நேர்ல பார்த்துட்டா அப்புறம் மறக்காது.

அறிகுறி: கிகாபிட் கார்டு, கிகாபிட் சுவிட்ச், ஆனா 100தான் காட்டுது

இது டூப்ளெக்ஸ் இல்லங்க, பெரும்பாலும் கேபிள். 100 எம்பிபிஎஸ்க்கு ரெண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும், பின் 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். பேச்சுவார்த்தை நடக்குறது அந்த ரெண்டு ஜோடில மட்டும்தான், அதனால நீலமோ பிரவுனோ அறுந்திருந்தா ரெண்டு பக்கமும் கிகாபிட் பேசலாம்னு ஒத்துக்கிட்டு, போய்ப் பார்த்தா வழி இல்ல, அப்புறம் சில கார்டு தானா 100க்கு இறங்கிடும், சில கார்டு லிங்க் வந்து வந்து போகும்.

செவ்வாய்பேட்டைல ஒரு கொலுசுப் பட்டறை, பில்லிங் சர்வர் 100க்கு மேல ஏறவே மாட்டேன்னுச்சு. பொட்டியத் தொறந்து பார்த்தா ஒரே கேபிள்ல நாலு வயர் சர்வருக்கு, மீதி நாலு வயர் சிசிடிவி ரெக்கார்டருக்கு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பிளக்கு கிரிம்ப் பண்ணி வச்சிருக்காரு புண்ணியவான். கேபிள் மிச்சம். மொதலாளிகிட்ட காட்டுனேன், "அட, அப்ப அவன் எங்கிட்ட ரெண்டு கேபிளுக்கு காசு வாங்குனானே"ன்னாரு.

சுவிட்ச்ல டிடிஆர் டெஸ்ட் இருந்தா ஓட்டுங்க, எந்த ஜோடி எத்தனாவது மீட்டர்ல அறுந்திருக்குன்னு சொல்லிடும், லிங்க் கொஞ்ச நேரம் விழும்ங்குறதால வேல நேரத்துல வேண்டாம். இல்லன்னா அஞ்சு ரோடு பக்கம் கடைல எட்டு லைட்டு எரியுற சாதா டெஸ்டர் வாங்கிக்கலாம், வயர் அறுந்துச்சான்னு சொல்லும், தரம் எப்படின்னு சொல்லாது.

தயவு செஞ்சு இதுக்கு வைத்தியமா ரெண்டு பக்கமும் 1000 ஃபுல்னு லாக் பண்ணப் போகாதீங்க. காப்பர்ல கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம், 1999ல வந்த 802.3ஏபிலயே அப்படித்தான், ரெண்டு பக்கத்துல யாரோட கிளாக்க பின்பற்றுறதுன்னு அதுலதான் பேசி முடிவு பண்ணிக்கணும். நிறைய சுவிட்ச்ல ஸ்பீட் 1000னு போட்டாலும் உள்ள ஆட்டோவ நிறுத்தாது, 1000 மட்டும்தான் பேசுவேன்னு விளம்பரத்த சுருக்கிக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, கரண்ட் போயி வந்ததுக்கப்புறம் இப்படி

இதுக்கு மூணு நாலு கிளை இருக்கு.

லினக்ஸ்ல ஈத்டூல் மைனஸ் எஸ் போட்டு யாராவது லாக் பண்ணியிருந்தா அது ரீபூட் ஆனா போயிடும், நெட்வொர்க் கான்ஃபிக்ல எழுதி வச்சாத்தான் நிக்கும். ஆக ரெண்டு பக்கமும் லாக் பண்ணி ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்துச்சு, சர்வர் ரீபூட் ஆச்சு, சர்வர் ஆட்டோவுக்குத் திரும்பிடுச்சு, சுவிட்ச் இன்னும் 100 ஃபுல், முடிஞ்சுது கதை. இதே மாதிரி சுவிட்ச்ல மாத்திட்டு ரைட் மெமரி அடிச்சு சேவ் பண்ண மறந்திருந்தா எதிர்த்திசைல அதே கதை. நெட்வொர்க் கார்டு டிரைவர் அப்டேட் ஆனாலும் விண்டோஸ்ல அந்த செட்டிங் டீஃபால்ட்டுக்குப் போயிருக்கலாம், பாத்துக்கோங்க.

இன்னொண்ணு மலைமேல அடிக்கடி நடக்கும். ஏப்ரல் மே மாசம் இடி மின்னல்ல சுவிட்ச் போயிடும். போனதுக்கு பதிலா அவசரத்துக்குக் கீழ இருந்து ஒரு அன்மேனேஜ்ட் எட்டு போர்ட் சுவிட்ச் வாங்கிட்டுப் போய் மாட்டுவாங்க. பழைய மேனேஜ்ட் சுவிட்ச்ல 100 ஃபுல் லாக் இருந்தது, சர்வர்லயும் இருந்தது, ஜோடி சரியா இருந்துச்சு. புதுசுல செட்டிங்கே கிடையாது, எப்பவும் ஆட்டோதான். சர்வர்ல இருக்குற லாக்க எடுத்தே ஆகணும், வேற வழி இல்ல. லாக் பண்ணா நிறைய கருவில, கேபிள் வகையத் தானா சரி பண்ணிக்கிற ஆட்டோ எம்டிஐஎக்ஸும் கூடவே நின்னுடும், அப்ப நேர் கேபிளா கிராஸ் கேபிளான்னு பழைய தலைவலி வேற திரும்பி வரும்.

சர்வர் ஆஃப்ல இருக்கப்ப போர்ட் 10ன்னோ 100ன்னோ காட்டுனா பயந்துக்காதீங்க, தூரத்துல இருந்து எழுப்புற வேக் ஆன் லேனுக்காக கார்டு கம்மி கரண்ட்ல முழிச்சுக்கிட்டு இருக்கு, ஓஎஸ் ஏறுனதும் சரியாயிடும்.

அறிகுறி: சிஆர்சி எரர் ஏறுது, ஆனா எதிர்ப்பக்கம் கொலிஷன் ஒண்ணுகூட இல்ல

ரெண்டு பக்கமும் உண்மையிலேயே ஃபுல், ரெண்டு பக்கமும் சிஆர்சி, அப்படின்னா டூப்ளெக்ஸ விடுங்க. கேபிள், கிரிம்ப்பு, இல்லன்னா பக்கத்துல மோட்டார். அதே சேகோ ஃபேக்டரில குடோனுக்குப் போற கேபிள த்ரீ ஃபேஸ் மோட்டார் லைனோட சேர்த்து கட்டியிருந்தாங்க, அரவை ஓடுனா எரர், நின்னா சுத்தம். டூப்ளெக்ஸ் எரர் மெஷின் ஓடுதான்னு பாக்காது, டேட்டா ரெண்டு பக்கமும் ஓடுதான்னு மட்டும்தான் பார்க்கும். இந்த வித்தியாசத்த நேரத்தோட குறிச்சு வச்சாலே புரிஞ்சுடும்.

எம்டியு (ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்குற அளவு) பிரச்சனையும் இதே வேஷத்துல வரும், பிங் போகும், பெரிசு போகாது. ஆனா அது மெதுவா போகாது, ஒரு அளவுக்கு மேல சுத்தமா போகவே போகாது. லினக்ஸ்ல ஃப்ராக்மென்ட் பண்ணாதேன்னு சொல்லி 1472 பைட் பிங் விட்டுப் பாருங்க, எப்பவுமே அடி வாங்குனா எம்டியு, பத்துல ரெண்டு மூணு மட்டும் தொலைஞ்சா நம்ம ஆளு.

அறிகுறி: ரெண்டு கேபிள் சேர்த்து பாண்ட் பண்ணியிருக்கு, ஒண்ணு சேர மாட்டேங்குது

கேபிள்கள ஒரே லிங்க்கா சேக்குற எல்ஏசிபிக்கு எல்லா லிங்க்கும் ஒரே வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ் இருக்கணும். ஒண்ணு 100க்கு இறங்கிட்டா லினக்ஸ் அத வேற அக்ரிகேட்டர்ல ஒதுக்கி வச்சுடும், சிஸ்கோல சஸ்பெண்டெட்னு வரும். பாண்ட குறை சொல்லாம தனித்தனி கேபிளா பாருங்க.

வர்ச்சுவல் மெஷினுக்குள்ள போய் ஸ்பீட் பாக்குறது வீண் வேல. உள்ள 10ஜின்னு கூட காட்டும், அது சும்மா சொல்ற எண். ஹோஸ்ட்ல போய் ஃபிசிக்கல் கார்டப் பாருங்க.

ஃபைபர்ல ஒரு வார்த்தை. ஃபைபர் மாட்டுற கிகாபிட் எஸ்எஃப்பி மாட்யூல்ல ஆட்டோ நெகோஷியேஷன் வேகத்தப் பேசாது, டூப்ளெக்ஸ், ஃப்ளோ கன்ட்ரோல் மாதிரி விஷயத்தத்தான் பேசும், ஆனா ஒரு பக்கம் ஆட்டோ ஆன், இன்னொரு பக்கம் ஆஃப்னா ஒரு பக்கம் லிங்க் அப், இன்னொரு பக்கம் டவுன்னு காட்டி பைத்தியம் பிடிக்க வைக்கும். 10ஜில ஹாஃப் டூப்ளெக்ஸே கிடையாது, அங்க இந்தக் கட்டுரைக்கு வேல இல்ல.

சரி பண்றது

ரெண்டு பக்கமும் ஆட்டோ. அவ்வளவுதான். வேகத்த கட்டுப்படுத்தியே ஆகணும்னா ஆட்டோவ நிறுத்தாம, என்னென்ன பேசணும்ங்குற விளம்பரப் பட்டியல மட்டும் சுருக்குங்க, ஈத்டூல்ல அட்வர்டைஸ்னு அதுக்குன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு. லீஸ்ட் லைன் குடுக்குறவங்க 100 ஃபுல் லாக் பண்ணித்தான் குடுப்போம்னா, நம்ம போர்ட்டையும் அதே மாதிரி லாக் பண்ணிட்டு, போர்ட் டிஸ்கிரிப்ஷன்ல அதையே எழுதி வைங்க, இல்லன்னா நாளைக்கு இன்னொரு நல்ல மனுஷன் வந்து சும்மா ஆட்டோக்கு மாத்திடுவாரு.

தூரத்துல இருந்து பண்றீங்கன்னா அந்தக் கோடில இருக்குற சர்வர முதல்ல மாத்துங்க, பக்கத்துல இருக்குற சுவிட்ச்ச அப்புறம். மாத்துறப்ப லிங்க் ஒரு தடவ விழுந்து எழுந்திருக்கும், போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காம உடனே தொறக்குற செட்டிங்) போடாத போர்ட்ல, லூப் வராம பாத்துக்குற ஸ்பானிங் ட்ரீ 15 செகண்ட் கேட்டு, 15 செகண்ட் கத்துக்கிட்டு, அப்புறம்தான் தொறக்கும். அந்த 30 செகண்ட்ல அய்யய்யோ போச்சேன்னு பதறி மறுபடி மாத்தாதீங்க, நான் ஒருக்கா அப்படி மாத்திட்டு ராத்திரியோட ராத்திரியா வாழப்பாடி வரைக்கும் பைக்ல போயிருக்கேன்.

அறிகுறி: ரெண்டு பக்கமும் ஃபுல்னு காட்டுது, ஆனாலும் மெதுவா இருக்கு

இத கடைசிக்கு வச்சதுக்குக் காரணம் இருக்கு. ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட், ஆபீஸ்ல சுவிட்ச், கொஞ்சம் கீழ பல்ப்பிங் ஷெட்டுக்குப் பக்கத்து ரூம்ல சர்வர், அறுவடை நேரத்துல எடை போடுற கணக்கெல்லாம் அதுலதான் ஏறும். சுவிட்ச் ஏ-ஃபுல், ஏ-100ன்னு சொல்லுது, எரர் ஒண்ணுகூட இல்ல. சர்வர் 100 ஃபுல்னு சொல்லுது, ஆனா சிஆர்சி ஏறிக்கிட்டே இருக்கு. கேபிள மாத்தியாச்சு, கார்ட மாத்தியாச்சு. பனி வேற இறங்குது, டார்ச் இல்லாம வழி தெரியல.

ரைட்டர் அண்ணன்தான் சொன்னாரு, "நடுவுல அந்த வெள்ளக் கண்ணாடி வயர் மாத்துற டப்பி ஒண்ணு இருக்குமே தம்பி, அதப் பாத்தீங்களா"ன்னு. ஃபைபர் மீடியா கன்வெர்ட்டர். ரெண்டு டப்பி, ஒவ்வொரு கோடிலயும் ஒண்ணு. சுவிட்ச் பேசுறது மேல இருக்குற டப்பிகிட்ட, சர்வர் பேசுறது கீழ இருக்குற டப்பிகிட்ட, அவங்க ரெண்டு பேரும் நேரா சந்திச்சதே இல்ல. சர்வர்ல 100 ஃபுல் லாக், கீழ் டப்பியோட காப்பர் போர்ட் ஆட்டோ, அது ஹாஃப்ல உக்காந்திருக்கு. அதுக்கு கவுன்டர் கிடையாது, லாகின் கிடையாது, அதால முடிஞ்சது ஒரு சின்ன லைட்டு மட்டும். சர்வருக்குப் பின்னாடி சாக்கு மூட்டைய நகத்திட்டு குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பவர் எரியுது, ஃபைபர் லிங்க் எரியுது, காப்பர் லிங்க் எரியுது, எஃப்டிஎக்ஸ், அதாவது ஃபுல் டூப்ளெக்ஸ்னு எழுதியிருக்குற லைட்டு மட்டும் எரியல, காப்பி ஓடுறப்ப மட்டும் விட்டு விட்டு துடிச்சுது.

சர்வர்ல ஆட்டோன்னு மாத்துனேன். ரெண்டு செகண்ட்ல அந்த லைட்டு பச்சையா நின்னு எரிஞ்சுது.